பழைய வண்டியில் புதிய குரல்

பயணத்திற்கு ஓசையைத் துணையாகக் கொள்வது மனிதர்க்குப் புதிய பழக்கமன்று. மாட்டுவண்டி ஓட்டியவர் தெம்மாங்கு பாடினார். காளையின் கழுத்துமணி அவருக்குத் தாளம் போட்டது. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் செபமாலையும் பாடலுமாகவே நெடுந்தொலைவைக் கடக்கின்றனர். 1930-இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்னும் பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியபோது இத்துணை விலைக்கு வாங்கும் பொருளாயிற்று. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் வண்டிக்குள் ஒலிக்கச் செய்ய வழி திறந்தது. வண்டிக்காரரின் பாட்டு அவருடைய தொண்டையின் வலிமைக்கு மேல் உயர்ந்ததில்லை. விலைக்கு வாங்கிய குரலுக்கோ அத்தகைய இயற்கை வரம்பு இல்லை. இயற்கை வரம்பிடாத இடத்தில் மனச்சான்று வரம்பிட வேண்டும். நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் வினா இதுவே.

சேலம் அஸ்தம்பட்டி இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற இடம். ஏற்காடு செல்லும் வண்டிகள் இவ்வழியே கோரிமேடு கடந்து அடிவாரத்தை அடைந்து, பின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. தமிழ்ப் படங்களுக்குப் பேச்சும் பாட்டும் தந்த மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்றும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இச்சாலையில் புதிய வண்டிகளோடு பழைய மாருதி 800-உம், அருமையாக ஓர் அம்பாசடரும் செல்லக் காணலாம். இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது. ஆயினும் தந்தையார் ஓட்டிய வண்டியைக் கைவிட மனமின்றிப் பேணுவோர் உண்டு. அவர்களுள் பலர் அவ்வண்டிக்குப் புதிய ஸ்டீரியோ பொருத்துகின்றனர். முதலில் ஒரு செட்டு, பிறகு கதவுகளில் ஸ்பீக்கர், பிறகு ஆம்ப்ளிபையர், கடைசியில் டிக்கியை அடைத்துக்கொள்ளும் ஊபர். இன்பத்தை நாடும் மனம் எங்கே நிற்க வேண்டும் என்பதை இவ்வரிசையில் எந்தப் படியும் சொல்வதில்லை.

முதலில் வண்டியின் பக்கம் நின்று பார்ப்போம். ஆல்டர்னேட்டர் வருமுன் பரவலாகப் பயன்பட்ட லூகாஸ் வகை டைனமோ ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் ஏறக்குறைய 22 ஆம்பியர். இரவில் 60 வாட் முன்விளக்குகள் இரண்டும் எரிந்தால் அவையே 10 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். 400 வாட் மின்சாரம் இழுக்கும் ஆம்ப்ளிபையர் ஒன்றை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் அது 33 ஆம்பியர் கேட்கும். தர இயலாததைக் கேட்டால் பேட்டரி இறங்கும். மெல்லிய பழைய வயர் சூடேறும். பேட்டரிக்கு அருகில் தக்க ஃபியூஸ் இல்லையெனில் தீயும் பற்றலாம். எர்த் சரியாக அமையாவிடில் எஞ்சினின் வேகத்திற்கேற்ப உயர்ந்து தாழும் ஒரு சீழ்க்கை ஒலி பாட்டினூடே கேட்டுக்கொண்டேயிருக்கும். இரு திருகுகளுடைய பழைய வானொலி இருந்த இடத்தில், 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள இன்றைய செட்டைப் பொருத்த டேஷ்போர்டையே அறுக்க நேரும். அறுத்த தகடு பழையபடி கூடுவதில்லை.

பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவது பற்றி ஆண்டவர் கூறிய உவமை இங்கு நினைவுக்கு வருகிறது. நற்செய்தியின் புதுமை பழைய முறைகளுக்குள் அடங்காது என்பதே அவ்வுவமையின் பொருள் என்பதை நாம் அறிவோம். எனினும் அவர் எடுத்தாண்ட உலகியல் உண்மையும் உண்மையே: பழையதன் வலிமையை அறியாமல் புதியதைச் சேர்ப்பவர் இரண்டையும் இழக்கிறார். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் எந்த செட்டு வேண்டும் என்று முதலில் கேட்பதில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரியையும் வயரிங்கையும் பார்க்கிறார். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் எதுவாயினும் அதைத் திருத்தும் உரிமை நமக்கு உண்டு. அதன் இயல்பை அறிந்துகொள்ளும் கடமை அதற்கு முந்தியது.

அடுத்து, விற்கும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டின் பெட்டியில் "4 × 50 வாட்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஓடும் வண்டியின் 14 வோல்ட் அழுத்தத்தில், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தனி ஆம்ப்ளிபையர் இல்லாத சாதாரண செட்டு சிதைவின்றித் தொடர்ந்து தரக்கூடியது 25 வாட்டைத் தாண்டாது. பெட்டி சொல்வது கணநேர உச்சம். காது பெறுவது அதில் பாதிக்கும் குறைவு. ஆம் என்பதை ஆம் என்றும் இல்லை என்பதை இல்லை என்றும் சொல்லப் பணித்த ஆண்டவரின் சீடர்கள் வணிகத்திலும் அவ்வாறே பேச வேண்டுமல்லவா? வாங்குவோரும் தம்மை ஏமாற்றிக்கொள்கின்றனர். ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி மூன்று டெசிபெல்தான் உயரும். அவ்வேறுபாட்டைச் செவி சற்றே உணரும். உரப்பு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். செலவு பெருகும் வேகத்தில் இன்பம் பெருகுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டா.

ஆயினும் வண்டியும் பணமும் நம்முடையவை. அவற்றால் வரும் இழப்பும் நம்மோடு போகும். காற்று அப்படிப்பட்டதன்று. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஒரு வண்டியின் கண்ணாடி இறங்கினால் அதன் பாட்டு, பேருந்துக்கு நிற்கும் முதியவரின் செவியிலும், அருகில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் செவியிலும் நுழைகிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. சேலம் மத்தியச் சிறை அமைந்திருப்பதும் இப்பகுதியிலேயே. நோயாளியைப் போலவே சிறைவாசியும் எழுந்து வேறிடம் போக இயலாதவர். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என அவை வரையறுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்க வழி செய்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றம், அமைதியாக வாழ்வது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தெளிவாக்கியது.

நம் வண்டியில் ஒலிப்பது பக்திப்பாடல்தானே என்று சிலர் கூறக்கூடும். இதற்கு விடை 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே கிடைத்துவிட்டது. சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச்சங்கத்திற்கும் 'சர்ச் ஆஃப் காட்' சபைக்கும் இடையே எழுந்த வழக்கில், ஒலிபெருக்கியால் பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் கற்பிக்கவில்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கில் நின்றது நம் திருச்சபை அன்று. பாடம் நமக்கும் உரியதே. மாதாவின் பாடலாயினும், விருப்பமில்லாதவர் செவியில் வலிந்து திணித்தால் மாதாவின் பெயருக்கு அது பெருமை சேர்க்காது.

அப்படியானால் இசையின்பத்தையே துறந்துவிட வேண்டுமா? திருச்சபையின் மரபு அவ்வாறு சொல்லவில்லை. புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இதைப் பற்றித் தம்மோடு தாமே வாதிடுகிறார். வழிபாட்டுப் பாடலின் பொருளைவிட அதன் இனிமையே தம்மை ஈர்த்துவிடுமோ என்று அஞ்சுகிறார். எனினும் பாடுவது நன்றே என்ற பக்கம் சாய்கிறார். புனித தாமஸ் அக்குவினாரோ, உடலுக்கு உறக்கம் வேண்டுவதுபோல உள்ளத்திற்கும் மகிழ்வான ஓய்வு வேண்டும் என்று கண்டு, அளவோடு கூடிய விளையாட்டை நற்பண்புகளுள் வைத்தார். நெடுவழியில் தனியே வாடகை வண்டி ஓட்டும் தொழிலாளிக்கு ஒரு பாட்டு தோழனாகிறது. குடும்பமாகப் பயணம் செய்வோரை அது ஒன்றிணைக்கிறது. பழைய வண்டியில் தந்தையார் விரும்பிய பாட்டை மீண்டும் கேட்பதில் குற்றமில்லை. அது நன்றியின் ஒரு வடிவமாகவும் இருக்கலாம்.

எனவே இசை வேண்டுமா, வேண்டாமா என்பது வினா அன்று. நாம் கேட்கும் ஒன்று, கேட்க வேண்டிய மற்றொன்றை மறைக்கிறதா என்பதே வினா. கொண்டை ஊசி வளைவில் எதிர்வரும் வண்டி கண்ணுக்குத் தெரிவதற்குமுன் அதன் ஹாரன் செவிக்கு எட்டுகிறது. பின்னால் வரும் ஆம்புலன்சின் அலறலும் அத்தகையதே. உள்ளே அதிரும் ஒலியில் அது கரைந்துபோனால், வழிவிடாமல் நின்ற அந்தச் சில நொடிகள் ஓர் உயிரின் கணக்கில் எழுதப்படும். நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் அடிபட்டவரைக் கண்டும் விலகிச் சென்றனர். கண்ணாடியை ஏற்றி ஒலியைக் கூட்டிக்கொண்டவர்க்கோ விலகிச் செல்லும் சிரமமும் இல்லை. அங்கே ஒருவர் கிடப்பதே அவருக்குத் தெரிவதில்லை.

எரிகோ சாலையோரத்தில் பர்த்திமேயு கூவியழைத்ததை மாற்கு எழுதுகிறார். அன்று ஆண்டவரைச் சூழ்ந்து பெருங்கூட்டம் சென்றது; பேச்சும் ஆரவாரமும் இருந்திருக்கும். பலர் அப்பார்வையற்றவரை அதட்டி அடக்கினர். அத்தனை ஓசைக்கிடையிலும் ஒரு பிச்சைக்காரரின் குரல் ஆண்டவரின் செவியை எட்டியது, அவர் நின்றார். எருசலேமை நோக்கிய அப்பயணம் எவ்வளவு முக்கியமானது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு குரலுக்காக அது நின்றது. பயணம் செய்யும் கிறிஸ்தவர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி உண்டோ?

இதிலிருந்து சில எளிய நெறிகளை நாமே வகுத்துக்கொள்ளலாம். கண்ணாடியை ஏற்றிய வண்டிக்கு வெளியே நிற்பவர்க்குப் பாட்டு கேட்கலாகாது. உள்ளிருக்கும் நமக்கு வெளியே எழும் ஹாரன் கேட்க வேண்டும். மருத்துவமனையையும் பள்ளியையும் கடக்கையில், அடிவாரத்தைத் தாண்டி மலையேறத் தொடங்குகையில், ஒலியைத் தணிக்க வேண்டும். உடன் வருபவர் பேசத் தொடங்கினால் பாட்டை நிறுத்திவிட வேண்டும். பின்னிருக்கையில் அமர்ந்த வயது முதிர்ந்த தாய் ஏதோ சொல்ல எண்ணி, ஓசைக்கு மேல் குரலை உயர்த்த இயலாமல் பேசாதிருந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல. செட்டின் விலையைவிட ஒலியைக் குறைக்கும் திருகுக்குக் கை எவ்வளவு விரைவில் செல்கிறது என்பதே நம் தகுதியைக் காட்டும்.