வாசல் இருக்கச் சுவரை இடிப்பதா?

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. கனடாவின் வின்ட்சரிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் பாலம் ஏறிய சரக்கு லாரிகளுக்கு அன்று 25 சதவீத வரி முளைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா வணிக ஒப்பந்த விதிக்கு உட்பட்ட சரக்குக்கு விலக்கும் வந்துவிட்டது. கார் உதிரிபாகம் ஒன்று முழுக் காருக்குள் போய்ச் சேர்வதற்குள் இந்த எல்லையைப் பலமுறை தாண்டும். எந்தத் தாண்டலுக்கு எவ்வளவு வரி என்று கணக்கர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் 2018இல் கையெழுத்திட்டவர் டிரம்ப். வரி போட்டவரும் அவரே.

வல்லரசு ஒன்று வணிக ஒப்பந்தத்தை விட்டு விலகலாமா? தாராளமாக விலகலாம். ஆறு மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்தால் போதும் என்று இந்த ஒப்பந்தமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2017இல் பசிபிக் கூட்டாண்மை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா கடிதம் எழுதித்தான் வெளியேறியது. மிஞ்சிய 11 நாடுகள் மறு ஆண்டே தங்களுக்குள் கையெழுத்திட்டுக்கொண்டன. அதில் ஏமாற்றம் உண்டு, வஞ்சகம் இல்லை. உள்ளே உட்கார்ந்து சலுகைகளையும் அனுபவித்துக்கொண்டு, கொடுத்த வாக்கை மட்டும் மீறுவதுதான் அறக்கேடு.

அந்த வாக்கு வாய்ப்பேச்சும் அல்ல. தேசப் பாதுகாப்பைக் காட்டிக் கார்களுக்கு வரி போட்டாலும், ஆண்டுக்கு 26 லட்சம் கனடா வாகனங்களைத் தொடமாட்டோம் என்று ஒப்பந்தத்தோடு தனிக் கடிதமே எழுதிக் கொடுத்தது அமெரிக்கா. 2025 ஏப்ரலில் அதே பாதுகாப்பைக் காட்டி வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீதம் விதித்தபோது, கனடாவில் தயாரான கார்களும் தப்பவில்லை. அவற்றிலுள்ள அமெரிக்கப் பாகங்களின் மதிப்பைக் கழித்துக்கொள்ளலாம் என்பதே கிடைத்த சலுகை.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரைக் கொண்டே முடிக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்கிறார். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கூடுதலாக வாங்குவதுமில்லை, குறைத்துக் கொடுப்பதுமில்லை. பகைவனுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சாவு நிச்சயம் என்று தெரிந்தும் கார்த்தேஜுக்குத் திரும்பிய ரோமத் தளபதி ரெகுலஸை, கடமைகள் பற்றிய தன் நூலில் சிசரோ போற்றுகிறார். ஒப்பந்தம் நல்லெண்ணத்தோடு நிறைவேற்றப்பட வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு. காலமும் மொழியும் வேறுபட்ட இத்தனை பேர் ஒரே பக்கம் நிற்கும்போது, இது பலமுள்ளவன் தன் வசதிக்கு வளைத்துக்கொள்ளும் காரியமாக இருக்க முடியாது. பகைவனுக்கே வாக்குத் தவறக் கூடாது என்றால், பக்கத்து வீட்டுக்காரனுக்கு?

மக்கள் வாக்களித்துத் தேர்ந்த அரசு தன் நாட்டுத் தொழிலாளியைக் காக்கக் கொள்கையை மாற்றக் கூடாதா என்று கேட்கலாம். மாற்றலாம். அதற்குத்தானே ஆறு மாத வாசல்! மார்ச் வரிக்குச் சொன்ன காரணமோ ஃபென்டனில் கடத்தல். கொடிய போதைப்பொருள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2024 நிதியாண்டில் கனடா எல்லையில் அமெரிக்க அதிகாரிகள் பிடித்தது 20 கிலோவுக்கும் குறைவு. மெக்சிகோ எல்லையில் பிடிபட்டதோ 9,000 கிலோவுக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே 25 சதவீதம்.

வரி நடப்புக்கு வந்த அன்றே கனடா உலக வணிக அமைப்பில் முறையிட்டது. அங்கே மேல்முறையீட்டு அமர்வில் ஏழு நாற்காலிகள் உண்டு. உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து அது இயங்கவில்லை. ஏழு நாற்காலிகளும் காலியாகவே கிடக்கின்றன.