வெள்ளிக்கிழமைக் காளான்

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்தபின், ஆம்பூரை அடுத்த நம் பங்கில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டு மருமகள் பெங்களூரில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். அவர் தட்டில் கொணர்ந்து வைத்ததைக் கண்டதும் நீட்டிய கையைப் பின்னிழுத்துக் கொண்டோம். செம்பழுப்பு நிறம்; சுருண்ட ஓரங்கள்; எண்ணெய் மினுமினுப்பு; எல்லாவற்றிற்கும் மேலாகப் புகையின் மணம். குருமட நாள்களில் மேனாட்டுக் குருக்களின் காலை உணவு மேசையில் கண்ட 'பேக்கன்' கண்முன் வந்து நின்றது. பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பிட்டுப் புகையூட்டி மெல்லிய கீற்றுகளாக வறுப்பது அது.

"இன்று வெள்ளிக்கிழமை அல்லவா அம்மா?" என்றோம்.

"காளான்தான் ஃபாதர், பயப்படாமச் சாப்பிடுங்க" என்று அவர் சிரித்தார். ஒன்றை எடுத்தோம். பிறகு எத்தனை எடுத்தோம் என்பதை எண்ணவில்லை.

எழுபதைக் கடந்த மாமியார் மட்டும் தட்டைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்தவாறே, "கறி இல்லதான் சாமி. ஆனா கறின்னு நெனச்சிக்கிட்டுத்தானே திங்கிறோம்?" என்றார்.

குருமடத்தில் நான்காண்டு இறையியல் கற்ற நம்மிடம் அன்றிரவு அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை. அதைத் தேடியே இதனை எழுதுகிறோம்.

முதலில் அப்பண்டத்தைச் சற்று அறிந்துகொள்வோம். அந்த மருமகள் காளானையும் வீட்டிலேயே வளர்க்கிறார். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு உலர்த்தி, நெகிழிப்பைக்குள் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்குக் காளான் வித்து என மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டுகிறார். இருண்ட மூலையில் ஈரச் சாக்குகளுக்கு நடுவே தொங்கும் பைக்குள் பதினைந்து இருபது நாள்களில் வெண்மையான இழைகள் படர்ந்துவிடுகின்றன. பின்னர்ப் பையைக் கீறி நீர் தெளித்துவரச் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக வெளிவருகிறது. கோடையில் நாற்பது பாகையைத் தாண்டும் நம் வேலூர் வெயிலைச் சிப்பிக் காளான் தாங்காது. அப்போது வெப்பம் பொறுக்கும் பால் காளானுக்கு மாறிக்கொள்கிறாராம்.

காளானை நீளவாக்கில் கிழித்து, சோயா சாறு, வெல்லம், பூண்டு, மிளகாய்த்தூள், சிறிது எண்ணெய் ஆகியவற்றில் ஊறவைத்து, நீர் வற்றும்வரை இரும்புக் கல்லில் அழுத்தி வறுக்கிறார். இறுதியில் ஒரு சிறு கிண்ணத்தில் கனன்ற அடுப்புக்கரித் துண்டை வைத்து, அதன்மேல் ஒரு துளி நெய் விட்டு, பாத்திரத்தை மூடிவிடுகிறார். மூடிமேல் தணல் பரப்பித் தம் போடும் ஊரில் பிறந்தவர்களுக்குப் புகையின் அருமையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் 'இறைச்சியின் சுவை' என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி விலங்கிடமிருந்து வருவதன்று. உப்பும் புகையும் நெருப்பும் தருவது. எஞ்சிய பகுதியைச் சப்பானிய அறிஞர் இக்கேடா 1908 ஆம் ஆண்டில் கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டினார். அவர் கண்ட குளூட்டமேட் என்னும் அப்பொருள் சோயா சாற்றிலும் உண்டு, காளானிலும் உண்டு. மேலும், காளானைத் தாவரம் என்பதும் பிழை. நண்டு, இறால் ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளே காளானின் உடற்சுவரிலும் இருக்கிறது. மாவுப்பொருளைச் செடிகளைப் போலன்றி விலங்குகளைப் போலச் சேமிக்கிறது. ஊனுக்கும் செடிக்கும் இடையே தனியொரு குலமாக நிற்கும் இதனைச் சமண நெறியினர் உண்பதில்லை. நம் திருச்சபையின் சட்டமோ இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட தவமுயற்சி பற்றிய ஆணை, சுத்தபோசன நாள்களில் இறைச்சியை விலக்குகிறது. முட்டையையும் பாற்பொருள்களையும் விலக்கவில்லை. விலங்குக் கொழுப்பால் ஆன தாளிப்புகளைக்கூட அது அனுமதிக்கிறது. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, பதினான்கு வயது நிறைந்தவரைச் சுத்தபோசனம் கட்டுப்படுத்தும். ஒருசந்திக்கு அறுபதாம் வயதின் தொடக்கத்தோடு விலக்கு உண்டு. சுத்தபோசனத்திற்கு அத்தகைய மேல்வரம்பு கிடையாது. ஆகவே அம்மூதாட்டி இன்றும் சட்டத்திற்கு உட்பட்டவரே. அவர் அக்காளானை உண்டிருந்தால் சட்டம் மீறப்பட்டிராது. பன்றிக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கையே அனுமதிக்கும் எழுத்து, காளானைத் தடுக்குமா?

ஆனால் எழுத்துக்குப் பின்னே காரணம் ஒன்று உண்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் நோன்பைப் பற்றி ஆராயுமிடத்து, திருச்சபை இறைச்சியை விலக்கியதற்குக் காரணம் அது நாவுக்கு மிகுந்த இன்பம் தருவதே என்கிறார். அக்காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டையும் பாலும்கூட விலக்கப்பட்டிருந்தன. காரணம் நாவின்பம் என்றால், அதே இன்பத்தை வேறொரு வழியில் வரவழைப்பது சட்டத்தைக் காத்துக் காரணத்தைக் கைவிடுவதாகாதா? பாட்டி கேட்டதும் அதுவே. அக்குவினாசை அவர் படித்ததில்லை.

இக்குறுக்குவழி புதியதன்று. இடைக்கால ஐரோப்பாவில் ஒருவகைக் காட்டு வாத்து கடலில் மிதக்கும் மரக்கட்டையிலிருந்து முளைப்பதாகக் கருதி, நோன்பு நாள்களில் அதை உண்டவர் இருந்தனர். அவ்வளவு தூரம் போவானேன்? வெள்ளிக்கிழமை வஞ்சிர மீன் வறுவலோடு, இறால் தொக்கோடு, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சுத்தபோசனம் காத்த குருக்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவரை மிக நெருக்கமாகவே அறிவோம்.

தமிழ் மரபும் இதை அறிந்ததே. மரக்கறி உண்ணும் வீடுகளில் வாழைக்காயை மீன்துண்டு போல் அரிந்து, புளியும் மசாலாவும் கூட்டிச் 'சைவ மீன் குழம்பு' வைக்கிறார்கள். பச்சைப் பயற்றை அரைத்து வேகவைத்து அதற்கு 'ஈரல்' என்று பெயரிடுகிறார்கள். மீல் மேக்கர் இல்லாத திருமணப் பந்தி இன்று அரிது. இவர்களெல்லாம் பொய்யர்களா?

திருவள்ளுவர் புலால் மறுத்தலை அடுத்துத் தவத்தையும், தவத்தை அடுத்துக் கூடாவொழுக்கத்தையும் வைத்திருக்கிறார். அந்த வரிசையே ஓர் எச்சரிக்கை என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அம்மூன்றாம் அதிகாரத்தில் புலித்தோல் போர்த்துப் பயிர்மேயும் பசு ஒன்று வருகிறது. தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு அவ்வுவமை இன்னும் நெருக்கமானது. பேக்கனின் தோலைப் போர்த்த காளானும் அப்படித்தானோ என்று முதலில் எண்ணினோம். பிறகு அன்று என்று தெளிந்தோம். அப்பசு போர்த்திக்கொண்டது, வயலுக்குடையவனை ஏமாற்றி அவன் பயிரை மேய்வதற்காக. பொய்யைப் பொய்யாக்குவது பிறரை ஏமாற்றும் எண்ணமே என்று புனித அகுஸ்தினாரும் கற்பித்தார். இம்மருமகள் எவரையும் ஏமாற்றவில்லை. காளான் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அப்படியானால் ஏமாற்றப்பட்டவர் யார்? ஒருவேளை, உண்டவரின் நாவு மட்டும்.

இவ்விடத்தில்தான் வேறுபடுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் ஏன் ஊனைவிட்டார் என்று கேட்காமல், அதன் போலியை உண்பது தகுமா என்று கேட்பது பயனற்றது. உயிருக்கு இரங்கி விட்டவர் என்றால், விலங்கு சாகக் கூடாது என்பதே அவர் வேண்டியது. அது நிறைவேறிவிட்டது. புகைமணத்தை அவர் சுவைப்பதால் எந்த உயிருக்கும் இழப்பில்லை. அவருடைய இரக்கத்தின் எடையும் குறையாது. மருத்துவர் சொல்லி விட்டவருக்கும் அவ்வாறே; காளானில் உப்பு மிகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் தவத்திற்காக விட்டவரின் நிலை வேறு. அவர் வேண்டியது ஒரு வெற்றிடம். வழக்கமான இன்பம் இருந்த இடம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலியிடத்தில் இறைவனையோ பசித்திருக்கும் அயலானையோ நினைக்க வேண்டும். அவ்விடத்தைக் காளான் நிரப்பிவிடுகிறது. நன்றாகச் சமைத்தால் முழுதுமாகவே நிரப்பிவிடுகிறது. ஒரே தட்டு, ஒரே கீற்று. மருமகளுக்கு அது குற்றமில்லை. அன்றைய நாளில் நமக்கு அது ஓர் இழப்பு. பாவம் என்று சொல்லமாட்டோம்; இழப்பு என்பதே சரியான சொல்.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அதைப்பற்றிப் பேசாமல் நம் வட்டாரத்தில் உணவைப்பற்றிப் பேச இயலாது. தூய்மைக்காக, அதாவது தம்மைப் பிறரினும் மேலானவராகக் காட்டிக்கொள்வதற்காக, ஊனை விடுபவர்கள் உண்டு. 2022 மே மாதத்தில் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சிப் பிரியாணிகளுக்கு அதில் இடமில்லை என்றானபோது எதிர்ப்பு எழுந்தது. முடிவில் மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கமும் கேட்டது. நம் மக்களுக்கு அது வெறும் விருந்துச் செய்தியன்று. தம் வீட்டு அடுப்பில் வேகும் சோறு ஊர்ப்பந்திக்கு ஆகாது என்று சொல்லப்பட்டதாகவே அவர்கள் அதைக் கேட்டார்கள்.

அம்மூதாட்டியின் கணவர் டேனரியில் பச்சைத்தோல் இறக்கும் வேலை பார்த்தவர். அழுகாதிருக்கத் தோலுக்கு உப்பிடுவார்கள். பன்றி வயிற்றுக்கு இடுவதும் அதே உப்புத்தான். பல ஆண்டுகள் அவ்வுப்பில் வெடித்த கைகளோடு அவர் வாழ்ந்தார். (அதே உப்பு பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கிய கதையை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதியது, 2025 சனவரியில் மீண்டும் எழுத வேண்டி வந்தது.) வாரக்கூலி வரும் நாளில் அவ்வீட்டில் மாட்டிறைச்சி வேகும். நூறு கிராம் பசுங்காளானில் மூன்று கிராம் அளவே புரதம். அதே எடை இறைச்சியில் இருபதுக்கும் மேல். சுமை தூக்கும் உடலுக்கு எது உணவு என்பதை அவ்வீட்டார் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள். அக்கறியின் பெயரைச் சொல்லாமல், 'அது' என்று சுட்டி ஊர் இகழ்ந்தது.

அந்த உணவைத்தான் பாட்டி வெள்ளிதோறும் விட்டிருந்தார். இழிந்தது என்பதற்காக அன்று, நல்லது என்பதற்காக. இறைவன் படைத்தது எதுவும் தள்ளத்தக்கதன்று என்று பவுலடிகளார் திமொத்தேயுவுக்கு எழுதினாரே, அதன் மறுபக்கம் இது: நல்லது என்று நம்புவதை மட்டுமே ஒருவர் துறக்க முடியும். அருவருப்பானதை விலக்குபவர் எதையும் துறக்கவில்லை. 'ஐயோ, கறியா!' என்று முகம் சுளிப்பவருக்கு வெள்ளிக்கிழமை ஏது? இவ்வகையில், நம் பங்கில் சுத்தபோசனத்தை முழுமையாகக் கடைப்பிடித்தவர் அம்மூதாட்டியாகவே இருக்கலாம். நாம் அல்லர் என்பது மட்டும் உறுதி.

மருமகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. "பக்கத்து வீட்டு பாய் அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன் ஃபாதர், பன்னி மாதிரின்னு சொல்லல, காளான் வறுவல்னுதான் சொன்னேன்" என்றார். அது நல்ல நாகரிகம். அயலார் வெறுக்கும் ஒன்றின் பெயரை அவர் உண்ணும் உணவின்மேல் ஒட்டாதிருப்பது பொய்யாகாது. பெயர்தானே அங்கே போலி, காளான் மெய். கூடவே இன்னொன்றையும் சொன்னார்: "உயிரைக் கொல்ல வேணாம்னு நான் காளான் பண்றேன். எங்க வீட்டுக்காரர் சம்பளம் ஷூ கம்பெனியிலிருந்து வருது. அதையும் நெனச்சிப் பார்க்கத்தான் செய்றேன்." காளான் இழையிலிருந்தே தோல் செய்ய வெளிநாடுகளில் முயல்கிறார்கள், அமெரிக்காவில் 'மைலோ' என்ற பெயரில் அவ்வாறு செய்துவந்த நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் அதை நிறுத்திவைத்தது. இன்னொருவர் அதில் வெற்றி காணும் நாளில் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் என்ன செய்யும் என்ற கேள்வி எழும். ஒரு காளான் கீற்றைக் கொண்டு அதற்கு விடை காண இயலாது. ஆயினும் தம் தட்டிலிருந்து கணவரின் சம்பளம்வரை யோசித்த அப்பெண்ணின் நேர்மையை நாம் மதிக்கிறோம்.

உயிர்ப்புப் பெருவிழாவன்று அவ்வீட்டார் நம்மை மதிய உணவுக்கு அழைத்தார்கள். சீரகச் சம்பாவில் மாட்டிறைச்சிப் பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. மருமகள் தமக்கென்று காளான் கீற்றுகளைத் தனியே வைத்திருந்தார். பாட்டி பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, எட்டி மருமகளின் தட்டிலிருந்து ஒரு கீற்றை எடுத்தார். எஞ்சியிருந்த பற்களால் நெடுநேரம் மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றவர், மருமகள் பக்கம் திரும்பி, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.