இடைவெளியில் ஒரு கை

கருவிக்குப் பாபம் கிடையாது, உபயோகிக்கிறவனுக்குத்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொன்னவன்தான். அதற்கு உதாரணமாக ஒரு கப்பலைக் காட்டுவேன்.

லெக்ஸிங்டன், அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். 1929 டிசம்பரில் மழை பொய்த்து, வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகருக்கு மின்சாரம் தந்த நீர்த்தேக்கங்கள் வற்றின. இந்தக் கப்பலைத் துறையில் கட்டி, அதிலிருந்து ஒரு மாத காலம் நகருக்கு மின்சாரம் எடுத்தார்கள். 40 லட்சம் யூனிட்டுக்கு மேல். யுத்தத்துக்கென்று செய்த யந்திரம் வீடுகளில் விளக்கெரித்தது. ஆகவே யந்திரம் நிரபராதி.

இந்த வாதம் இப்போது எனக்குப் போதவில்லை. எல்லாப் போர்க்கப்பல்களாலும் இதைச் செய்திருக்க முடியாது. பெரும்பாலானவற்றில் டர்பைனின் சுழற்சி நேராகவோ பற்சக்கரங்கள் வழியாகவோ ப்ரொப்பல்லருக்குப் போனது. அந்த டர்பைனுக்குக் கப்பலைத் தள்ளுவது ஒன்றே வேலை. லெக்ஸிங்டனில் இரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது. டர்பைன்கள் ஓட்டும் நான்கு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 35,200 கிலோவாட், அந்த மின்சாரத்தில் எட்டு மோட்டார்கள், நான்கு ப்ரொப்பல்லர்கள். நடுவே கம்பியும் ஸ்விட்சும்.

இந்த இடைவெளிக்கு விலை உண்டு. சக்தி இருமுறை உருமாறுகையில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. எடையும் கூடுதல். 1922 ஒப்பந்தம் போர்க்கப்பல்களின் டன் கணக்குக்கு வரம்பு கட்டிய பிறகு, அமெரிக்கா தன் பெரிய போர்க்கப்பல்களில் பற்சக்கரத்துக்கே திரும்பியது. நேர்வழிதான் சிக்கனம். கட்சியும் மதமும் நம்மிடம் கேட்பதும் இந்தச் சிக்கனத்தையே: நம்பிக்கையிலிருந்து நேராகச் செயலுக்கு. நடுவில் தயங்குவதை அவர்கள் நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்கள். அந்த நஷ்டத்தில்தான் திசை மாற்ற ஒரு கைக்கு இடமிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இடமிருப்பதே அறம் ஆகிவிடாது. டகோமாவில் ஸ்விட்சைத் திருப்பிய கையும் உத்தரவுக்குத்தான் அசைந்தது; பின்னர் யுத்தத்துக்குப் போனதும் உத்தரவுக்குத்தான். 1942 மே 8, பவளக் கடல் யுத்தத்தில் டார்பிடோ தாக்கி, கப்பலுக்குள் பெட்ரோல் கசிந்தது. ஆவி பரவிற்று. ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த மின்யந்திரங்களின் பொறி அதைப் பற்றவைத்ததாகச் சொல்கிறார்கள். எரிந்த கப்பலைச் சொந்தக் கடற்படையே அன்று மாலை மூழ்கடித்தது.

கருவி நிரபராதியா என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஸ்விட்சின் அருகே யார் நின்றார்கள், நின்றவர்கள் தயங்கினார்களா என்பதைத்தான் இனிக் கேட்க வேண்டும்.