இருக்கலாம், உழைக்கக்கூடாது

ஒரு மனிதனை 'நீ இங்கே இருக்கலாம்' என்று ஏற்றுக்கொண்ட அரசு, 'ஆனால் நீ வேலை செய்யக்கூடாது' என்றும் சொல்லமுடியுமா? சட்டப்படி முடியும். அமெரிக்காவில் மனிதாபிமான அடிப்படையில் தற்காலிகமாக உள்ளே விடப்படுபவர்கள் வேலை அனுமதிக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பொது விதி. தமிழ்நாட்டு முகாம்களில் எமது சனங்கள் 1983 தொடக்கம் முறையான வேலை உரிமை இல்லாமலே கூலி வேலை செய்தும் பெயின்ற் அடித்தும் சீவிக்கிறார்கள். நாங்கள் வாழும் பலெர்மோவிலும் இந்தக் கேள்வி எங்களை விட்டபாடில்லை. சட்டத்தை விடுவோம். அறத்தின்படி இது முடியுமா?

1948 இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் முதலாவது உறுப்புரை, இந்தக் குடியரசு உழைப்பின்மேல் நிறுவப்பட்டது என்கிறது. பத்தாவது உறுப்புரை, தன் நாட்டில் ஜனநாயக சுதந்திரங்கள் மறுக்கப்பட்ட அந்நியனுக்குத் தஞ்ச உரிமை உண்டு என்கிறது. ஆனால் இடையில் நாலாவது உறுப்புரை இருக்கிறது. வேலை செய்யும் உரிமையை அது குடிமக்களுக்கு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறது. உழைப்பின்மேல் கட்டிய வீட்டுக்குள் உழைப்பு மறுக்கப்பட்டவன் எந்தத் தரையில் நிற்பது?

1990 வரை இத்தாலி ஐரோப்பியர்களை மட்டுமே பொதுவாக அகதிகளாக ஏற்றது. அந்த ஆண்டு வந்த மார்த்தெல்லி சட்டம் இந்த எல்லையை நீக்கியது. ஆனால் தஞ்சம் கேட்டவர் முடிவு வரும்வரை வேலை செய்யமுடியாது. உதவிப்பணமோ 45 நாட்களுக்குத்தான். அதே சட்டம், 1989 முடிவுக்குள் நாட்டுக்குள் வந்துவிட்டவர்கள் தம்மைத் தொழிலாளராகப் பதிந்துகொள்ளவும் வழிவிட்டது. எங்களுக்கு முன் வந்தவர்களில் பலர் இந்த வழியைத்தான் எடுத்தார்கள். 'அகதி என்பதை மறைத்து விசா எடுத்தவர்கள்' என்று எம்மவரே அவர்களைக் குறை சொல்வதுண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. குண்டுக்குப் பயந்து ஓடியவனும், ஊருக்குக் காசு அனுப்ப வேலை தேடியவனும் ஒரே ஆள்தான். இரண்டில் ஒன்றை மட்டும் சொல் என்று கேட்டது சட்டம்.

தொழிலாளியாகப் பதிந்தவனுக்கு இன்னொரு முடிச்சு காத்திருந்தது. 2002 இன் பொஸ்ஸி-ஃபீனி சட்டம் வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு இறுகக் கட்டியது. வேலை போனால் ஆறு மாதத்துக்குள் வேறு வேலை தேடவேண்டும். 2012 இல்தான் அது ஒரு வருடமாக்கப்பட்டது. இந்த நிலையில் சம்பளம் குறைந்தாலும், பன்னிரண்டு மணித்தியாலம் கோப்பை கழுவ வைத்தாலும் முதலாளியோடு வாய் திறக்கமுடியுமா? அகதியாக நின்றவனை வயிறாக மட்டும் ஏற்றார்கள். தொழிலாளியாக நின்றவனைக் கையாக மட்டும் ஏற்றார்கள்.

பிறகு விதிகள் மாறிக்கொண்டே வந்தன. தஞ்சம் கேட்டவர் ஆறு மாதம் கழித்து வேலை செய்யலாம் என்றது 2005 இன் விதி. 2015 இல் அது 60 நாளாகியது. மனிதாபிமானப் பாதுகாப்பு என்ற அனுமதி 2018 இல் ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த விசேட பாதுகாப்பை 2020 இல் விரித்தார்கள், 2023 இல் மறுபடி சுருக்கினார்கள். இப்போது அந்த அனுமதியோடு வேலை செய்யலாம், ஆனால் செய்த வேலையைக் காட்டி அதைத் தொழிலாளர் அனுமதியாக மாற்றமுடியாது. 2022 இல் உக்ரேனியர் வந்தபோதோ, விண்ணப்பம் கொடுத்த கையோடு வேலை செய்ய இதே அரசு இடம் கொடுத்தது. அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. காத்திருப்பு தவிர்க்கமுடியாத ஒன்றல்ல, தேர்ந்தெடுத்துச் செய்யப்படுவது என்பதையும் அது காட்டிவிட்டது.

மறுபக்க நியாயத்தையும் கேட்கவேண்டும். உடனே வேலை கிடைக்கும் என்றால் பொய்க் காரணத்தோடும் பலர் வருவார்கள் என்கிறார்கள். சிசிலிப் பிள்ளைகளே வேலையில்லாமல் வடக்கே போகிறார்கள் என்கிறார்கள். இரண்டாவது உண்மை, நாங்கள் தினமும் காண்பது. ஆனால் றெஸ்ரோறன்ற் குசினிகளுக்குத் தெரிந்த ஒன்று உண்டு. தடை இருக்கிறது என்பதற்காக எந்தக் கோப்பையும் கழுவாமல் கிடப்பதில்லை. வேலை 'நேரோ'வில், அதாவது கறுப்பில், நடக்கிறது. தடையால் இல்லாமல் போவது ஒப்பந்தமும் காப்புறுதியும் சம்பளச் சீட்டும்தான். கறுப்பில் மலிவாக ஆள் கிடைக்கும் இடத்தில் சிசிலிப் பையனின் சம்பளமும் சேர்ந்தே இறங்குகிறது. தடை அவனையும் காப்பதில்லை.

இதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. வள்ளுவர் இரவச்சத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பிறர் கொடுத்து உண்பவன் நன்றி சொல்லி முடிப்பதில்லை. உழைத்து வரி கட்டுபவன்தான் எதிர்த்தும் பேசலாம். வேலையைத் தடுக்கும் அரசு அவனைச் சமமானவனாகப் பேசவிடாமலும் தடுக்கிறது. ஆனால் 'நாங்கள் உழைக்கிறோம், ஆகவே இருக்க விடுங்கள்' என்று வாதாடுவதும் ஆபத்தானது. அந்த வாதத்தில் எங்கள் வயதான அம்மாவுக்கும், ஷெல் பட்டுக் கால் இழந்தவனுக்கும் இடமில்லை.

2015 இல் மேயர் லெயோலூக்கா ஓர்லாந்தோவின் காலத்தில் வெளிவந்த பலெர்மோ சாசனம், வதிவிட அனுமதியையே ஒழிக்கவேண்டும் என்று கேட்டது. அதைச் செய்யும் அதிகாரம் ஒரு நகரசபைக்கு இல்லை. எனினும் அது மனிதனை முதலில் வைத்தது. நாங்கள் கேட்பதும் அந்த வரிசையைத்தான். இருக்கும் உரிமை முதலில் வரவேண்டும், உழைக்கும் உரிமை அதிலிருந்து தானாக வரவேண்டும். உழைக்க முடியாதவனிடம் அந்த முதல் உரிமையைத் திருப்பிக் கேட்கவும் கூடாது.