பாட்டரி யாருடையது?



தொழிலாளியின் கையிலுள்ள கருவி அவனுடையதாயிருப்பதும், பிறனுடையதாயிருப்பதும் ஒன்றல்ல. தச்சனும் இதை அறிவான், தையற்காரனும் அறிவான். ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா தேசத்தின் தலைநகரான கிகாலியில் இவ்விஷயம் இப்போது புது உருவில் எழுந்திருக்கிறது.

குன்றுகள்மேல் அமைந்த அந்நகரில், அவசரமாய்ப் போகிறவர்களுக்குக் கைகொடுப்பது வாடகை மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒரே பிரயாணி. 2025 ஜனவரி முதல், இத்தொழிலுக்கெனப் புதிதாய்ப் பதிவாகும் வண்டிகள் மின்சாரத்தால் ஓடுபவையாகவே இருக்கவேண்டுமென்று அரசாங்கம் விதித்தது. முன்பே ஓடிய பெட்ரோல் வண்டிகளைப் பறிக்கவில்லை. நல்ல காரியம், சட்டம் செய்வோர் பலர் இவ்வளவு பொறுமைகூடக் காட்டுவதில்லை.

புகை குறைந்தால் ஊருக்கெல்லாம் நன்மை. கடற்கரையற்ற அந்நாட்டுக்குப் பெட்ரோல் அயல்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து லாரியில் வந்தாகவேண்டும். அந்தச் செலவும் குறையும். ஆனால் எல்லோருக்கும் வரும் நன்மைக்காக, அன்றாடம் சம்பாதித்து உண்பவன் மாத்திரம் கடன்படுவது எப்படி நியாயமாகும்?

அவன் வண்டியைத் தவணையில் வாங்குகிறான். பாட்டரியோ பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. தீர்ந்ததைக் கொடுத்து நிறைந்ததை மாற்றிக்கொள்ளச் சில நிமிஷம் போதும். அதிக விலையுள்ள பாட்டரியை வாங்கும் பாரமும், அது தேய்ந்துபோகும் நஷ்டமும் அவன் தலையில் விழுவதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“பெட்ரோல் மட்டும் அவன் வீட்டுக் கிணற்றிலா ஊறியது?” என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆயினும் பெட்ரோலை எங்கும் வாங்கலாம். ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடை உண்டு. ஒரு நிறுவனத்தின் பாட்டரியோ மற்றொன்றின் வண்டியில் பெரும்பாலும் பொருந்துவதில்லை. உடைமை வேறு, உபயோகம் வேறு என்று தத்துவ சாஸ்திரிகள் பிரித்துச் சொல்வார்கள். இங்கே வண்டி அவன் உடைமை. அதை உபயோகிக்கும் சக்தி பிறன் கையில். சாவியை அயலான் வைத்திருக்கும் வீட்டை என் வீடு என்று சொல்லிக்கொள்வதில் என்ன பயன்?

முதல் போட்டவருக்கு உரிய லாபம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேறிடம் போக வழியில்லாதவன் கொடுக்கும் விலை, மனமொத்துக் கொடுத்த விலையாகாது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே மாதிரிப் பாட்டரி வரும்வரை, அந்த விலையை நிர்ணயிப்பதில் ஓட்டுகிறவர்களின் சங்கத்துக்கும் இடம் இருக்கவேண்டும். மாற்றும் நிலையத்தில் வரிசை நீண்டு, அவன் காத்து நிற்கும் நேரத்தின் கூலியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது அதை அவனே இழக்கிறான்.