செங்கல்லின் மேல் காத்து நின்ற பெருமான்

பண்டரிபுரத்தில், பீமா நதி சந்திரபாகை என்னும் திருநாமம் பூண்டு பிறைபோல் வளைந்தோடும் கரையில், இடுப்பிலே திருக்கரங்களை ஊன்றிச் செங்கல்லொன்றின் மேல் நின்ற திருக்கோலத்தில் விட்டலன் சேவை சாதிக்கின்றான். வைகுந்தநாதனுக்குச் செங்கல் பீடமான வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் அதன் முற்பகுதியைப் பலர் சொல்வதில்லை.

புண்டரீகன் முதலில் பெற்றோரைப் பேணாத மகனாகவே இருந்தான். காசி யாத்திரையின்போது தானும் மனைவியும் குதிரையேறிச் செல்ல, முதிய தாய் தந்தையரைக் கால் நோவப் பின்னே நடக்கவிட்டான் என்பர். வழியில் குக்குட முனிவரின் ஆசிரமத்தில், கங்கை முதலிய புண்ணிய நதிகள் பெண்ணுருக் கொண்டு வந்து முற்றம் பெருக்கித் தொண்டு செய்வதைக் கண்டான். தாய் தந்தையரைப் பேணியதே அம்முனிவரின் தவம் என்று கேட்டபோது நாணித் தலைகுனிந்தான். யாத்ரிகர்களுக்கு இவ்விடம் சற்று உறுத்தவே செய்யும். புண்டரீகன் அபசாரப்பட்டது புண்ணிய யாத்திரையில் அன்றோ! பின்னர் எம்பெருமானே வாயிலில் வந்து நின்றபோது, பெற்றோர் பணிவிடையினின்றும் எழாமல் ஒரு செங்கல்லை எறிந்து, அதன் மேல் காத்திருக்குமாறு வேண்டினான். பெருமான் கோபிக்கவில்லை, உகந்து நின்றான்.

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைச் சாரலில் உள்ளது அமிர்தி. அதற்கு மேலுள்ள மலையூர்களில் சாமை விதைத்தும் தேனும் புளியும் சேகரித்தும் வாழ்ந்த கைகள் இன்று முதுமையில் நடுங்குகின்றன. பிள்ளைகளில் பலர் வேலை தேடிக் கீழ்நாட்டுக்குப் போய்விட்டனர். சாலையில்லாத சிற்றூர்களிலிருந்து நோயுற்றோரை டோலி கட்டித் தூக்கி வருவது இம்மலைக்குப் புதிதன்று. இத்தகைய இடத்தில், “அம்மாவை என்னோடு அழைத்துச் சென்றுவிடுகிறேன்” என்று மகன் சொல்வதும், “இந்த மண்ணை விட்டு வரமாட்டேன்” என்று தாய் மறுப்பதும் வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு.

இதற்கு ஸ்ரீராமாயணத்தில் விடையுண்டு. பஞ்சவடியில் பர்ணசாலைக்கு ஏற்ற இடத்தைப் பார்க்குமாறு இராமபிரான் பணித்தபோது, இளைய பெருமாள் தாமே இடம் தேர்ந்துவிடவில்லை; தேவரீர் திருவுள்ளம் உகந்த இடத்தைக் காட்டியருளினால் அங்கே அமைக்கிறேன் என்று விண்ணப்பித்தார். கைங்கர்யம் என்பது செய்பவனுடைய உகப்புக்காக அன்று, கொள்பவருடைய உகப்புக்காகவே என்று நம் பெரியோர் இதனைக் காட்டுவர். எங்கே வாழ விருப்பம், எது உண்ண விருப்பம் என்று முதியவரைக் கேட்காமல் செய்யும் உபசாரம், எத்துணைப் பொருட்செலவுடையதாயினும், பாதி கைங்கர்யமே.

ஆயினும், “வயதாகிவிட்டது, இனி வைத்தியம் எதற்கு?” என்று அவர்கள் சொல்வதை மட்டும் உகப்பென்று கொள்ளலாகாது. அது பெரும்பாலும் பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாதே என்னும் தயை. கண்புரையை அறுவை செய்து நீக்கலாம். அடிக்கடி தடுக்கி விழுவதற்கும், திடீரென்று நினைவு தடுமாறுவதற்கும் மருத்துவர் பார்க்கவேண்டிய காரணங்கள் உண்டு; முதுமையின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. அமிர்தியிலிருந்து கணியம்பாடி வழியாக வேலூர் செல்லும் பாதையிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தை இல்லத்துக்கே கொணர்ந்து தருவதற்கும், படுக்கையிலிருப்போரை வந்து பார்ப்பதற்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் முதியவரின் பெயரைப் பதியச் செய்வதும் ஒரு பணிவிடைதான். 14567 என்ற எண்ணில் முதியோருக்கான உதவித் தொலைபேசியும் உண்டு.

புத்தி சொல்லியும் கேளாத பிள்ளைகளுக்காக 2007-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞரின்றித் தாமே முறையிட்டு, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெற அச்சட்டம் வழிசெய்தது. பேணுவதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பேணாவிடில், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கவும் இடமுண்டு. மகனிடம் சோறு கேட்டுத் தாய் மனு எழுதும் காலம் வந்ததே என்று வருந்தலாம். மனு எழுத ஓரிடமாவது இருக்கிறதே என்றும் ஆறுதல் கொள்ளலாம்.

இன்னொன்று. அண்ணன் பணம் அனுப்புகிறான், தம்பி தொலைபேசியில் விசாரிக்கிறான். இரவில் எழுந்து படுக்கை விரிப்பை மாற்றுகிறவள் மருமகளோ மகளோதான். அவளுக்கும் முதுகு வலிக்கும். மாதத்தில் சில நாளேனும் மற்றவர்கள் முறைவைத்து வந்து அப்பணியை ஏற்கவேண்டும்.

தசரத சக்கரவர்த்தியின் அந்திமத்தில் அருகிருக்கும் பேறு இராமபிரானுக்கு வாய்க்கவில்லை. ஈமக்கடனும் பரதாழ்வான் கையால் நடந்தது. தந்தையின் தோழரான முதிய ஜடாயு சிறகிழந்து கிடந்தபோது, இராமபிரான் அவரைத் தழுவிக்கொண்டு அழுது, தந்தைக்குச் செய்வதுபோல் எல்லாம் செய்தான். அத்தலம் என்று போற்றப்படும் திருப்புட்குழி, காஞ்சிக்கு மேற்கே வேலூர் செல்லும் பெருவழியை ஒட்டியே இருக்கிறது. திருவிழா சேவித்துத் திரும்புவோர் அங்கும் இறங்கிச் சேவிக்கலாம். உடன் வந்த முதியவருக்குப் படியேற இயலுமா என்று முதலில் கேட்டுக்கொண்டு.