பசியாறிட்டியா?

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த ஆண்டு, பத்துமலையின் 272 படிகளையும் வெறுங்காலோடு ஏறினேன். எந்தப் படியில் ஈரம், எந்தப் படியில் சூடு, தலையில் குடம் எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாமே தெரிந்தது. அதற்கு முன் 48 நாள் விரதம். பசி எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்றும் அந்த நாள்களில் தெரிந்துகொண்டேன். என் உடம்போடு அவ்வளவு நெருக்கமாக நான் இருந்ததே இல்லை.

விரதம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பழைய வாழ்க்கை திரும்பிவிட்டது. காலையில் எல்ஆர்டி, பகல் முழுக்கக் கணினி, மற்ற நேரமெல்லாம் கையில் போன். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். "பசியாறிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டார். "சும்மா தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருக்காதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலு வாய் சோறு உள்ளே போனதும் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. காலையில் குடித்த தே தாரிக்கோடு சரி, அன்று முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை. எனக்கே தெரியாத என் பசிக்கு அம்மா திட்டு வாங்கினார்.

உடம்பைக் கவனிப்பது சுயநலமா? நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். உடம்பு அழியக்கூடியது, ஆன்மாதான் நிலையானது என்று சமய வகுப்பில் படித்திருக்கிறோம். சரிதான். ஆனால் அழியக்கூடியது என்பதால் அலட்சியம் செய்யலாமா? கோயில் கட்டடமும் ஒருநாள் இடியக்கூடியதுதான். அதற்காகக் கூட்டிப் பெருக்காமல் விடுகிறோமா? திருமூலரே முதலில் உடம்பைத் தாழ்வாக நினைத்தவர்தான். உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார்.

"அப்படியென்றால் விரதம் எதற்கு? அது உடம்பை அடக்கத்தானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். விரதம் பசியை மறக்கச் சொல்லவில்லை. பசிக்கிறது என்று தெரிந்துகொண்டே பொறுக்கச் சொல்கிறது. வேலை மும்முரத்தில் பட்டினி கிடப்பவனுக்குப் பசியே தெரிவதில்லை. தெரியாத ஒன்றை அவன் எப்படி அடக்குவான்?

இப்போது நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சாப்பிடும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். கையால் பிசைந்து சாப்பிடுகிறேன். சோற்றின் சூடு நாக்குக்கு முன்னே விரலுக்குத் தெரிகிறது. கோபம் வந்தால், வாயைத் திறக்கும் முன் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: பசியா, தூக்கமா, வலியா? பல சமயம் அங்கேயே கோபம் அடங்கிவிடுகிறது. எல்லா நாளும் முடிகிறதா என்றால், இல்லை. போன வாரம்கூட தம்பியிடம் எரிந்து விழுந்தேன். ஆனால் இந்த முறை, பத்து நிமிடத்தில் போய் மன்னிப்புக் கேட்க முடிந்தது.

நம் நாட்டில் "சாப்பிட்டியா?" என்பதைவிட "பசியாறிட்டியா?" என்றுதான் அதிகம் கேட்போம். என்ன சாப்பிட்டாய் என்பதல்ல கேள்வி. உன் பசி ஆறிவிட்டதா என்பதுதான். தம்பி தங்கைகளே, இன்று வீட்டில் யாராவது அப்படிக் கேட்டால், போனைக் கீழே வையுங்கள். ஒரு நிமிடம் வயிற்றைக் கேட்டுவிட்டு, அப்புறம் பதில் சொல்லுங்கள்.